சவுத்ஃபோர்க் வீட்டில் வேறு வைக்கவில்லை: ‘டல்லாஸ்’ பற்றி ஆச்சியிடம் கேட்டவை

‘டல்லாஸ்’ 1978 ஏப்ரல் 2-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1991 மே 3-இல் முடிந்த தொடர். மொத்தம் 357 பகுதிகள். டெக்சாஸில் எண்ணெய்த் தொழில் செய்யும் யூயிங் குடும்பத்தின் கதை. பெரியவர் ஜாக், அவர் மனைவி மிஸ் எல்லி, மூத்தவன் ஜே.ஆர்., நடுவுள்ளவன் கேரி, கடைக்குட்டி பாபி. கேரியைத் தவிர எல்லோரும் இருப்பது சவுத்ஃபோர்க் என்ற பண்ணை வீட்டில். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தவர்கள் குறைவு. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த கேசட்டில் பாதி, அப்புறம் டிவிடியில் மீதி என்று விட்டு விட்டுப் பார்த்தவர்கள்தான் நிறைய. அதனால் கேள்விகளும் விட்டுப்போன இடங்களைப் பற்றியே வந்திருக்கின்றன. முடிவுகள் எதையும் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு மருமகள்: ஆச்சி, அவ்வளவு பணம் வைத்திருக்கிறார்கள். கல்யாணமான பிள்ளைகள் ஏன் ஒரே வீட்டில் கிடந்து அடித்துக்கொள்கிறார்கள்? ஜே.ஆர். தனியாக ஒரு வீடு கட்டிக்கொள்ளக் கூடாதா?

ஆத்தா, ஒரே வீட்டில் இருப்பது தப்பே இல்லை. வேறு வைக்காததுதான் தப்பு. நம் வீடுகளில் அண்ணன் தம்பி நாலு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். ஆனால் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வளவில் ஆளுக்கு ஓர் அறை, பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சாமான், செலவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. புள்ளிக்குப் புள்ளி, அதாவது ஜோடிக்கு ஜோடி, கணக்குத் தனி. புதிதாக வந்த பெண் தன் உலையைத் தானே வைத்து, தன் வரவு செலவைத் தானே எழுதப் பழகுவாள். மாமியார் பக்கத்திலேயே இருப்பார், ஆனால் பானைக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்.

சவுத்ஃபோர்க்கில் அது இல்லை. ராத்திரி ஆனால் எல்லோரும் கூடத்துக்கு வர வேண்டும், ஆளுக்கு ஒரு கிளாஸ் மது, பிறகு ஒரே மேசையில் சாப்பாடு. அந்தத் தொடரின் சண்டைகளில் எத்தனை அந்த மேசையில் தொடங்கியவை என்று மறுபடி பார்க்கும்போது கவனியுங்கள். ஜே.ஆர். வாயைத் திறந்து பாபியின் மனைவி பாமை ஒரு சொல் குத்துவான், பாபி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான், மிஸ் எல்லி ‘சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்’ என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

இதில் அதிகம் அடிபட்டவள் ஜே.ஆரின் மனைவி சூ எலன். அவளுக்கு அந்த வீட்டில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. அடுக்களை தெரசா என்ற பணிப்பெண்ணின் கையில், நிர்வாகம் மாமியார் கையில், பணம் புருஷன் கையில். அவள் குடிக்கு ஜே.ஆரின் பெண் சகவாசத்தை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். பாதிக் காரணம் அந்த வெறுமை என்பேன். பின்னாளில் தானே ஒரு தொழிலை எடுத்து நடத்தும்போது அவள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். லிண்டா கிரே அந்த மாற்றத்தைக் கழுத்தை வைத்துக்கொள்ளும் விதத்திலேயே காட்டியிருப்பார்.

காரைக்குடியிலிருந்து ஒரு ஆடிட்டர்: ஜாக் எழுதிய உயில் நியாயமானதா? என் டிவிடியில் அந்த வருஷம் பாதிதான் ஓடுகிறது.

ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் காலமானார். கதையில் ஜாக் தென் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டதாகக் காட்டினார்கள். பிறகு உயிலைப் பிரித்தால் ஒரு பந்தயம் இருக்கிறது. கம்பெனியை ஜே.ஆருக்கும் பாபிக்கும் பாதிப் பாதியாக ஒரு வருஷம் கொடுப்பது. அதிகம் சம்பாதித்துக் காட்டுகிறவனுக்கு 51 சதவீதம், தோற்றவனுக்கு 19. மிஸ் எல்லி, கேரி, ஜாக்குக்கு வேறொருத்தியிடம் பிறந்த ரே மூவருக்கும் ஆளுக்குப் பத்து.

கணக்கு நூற்றுக்குச் சரியாக வருகிறது. நியாயம் வரவில்லை. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே நாலு பேரை உட்காரவைத்துப் பாகம் பிரித்திருக்க வேண்டியதை, செத்த பிறகு பிள்ளைகளை மோதவிட்டுப் பார்க்கிறார். அதன் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. ஜெயிப்பதற்காக ஜே.ஆர். சட்டத்தை மீறி கியூபாவுக்கு எண்ணெய் விற்கப் போகிறான். அவன் கெடுத்துவிட்ட ஆள் ஒருவன் பழிவாங்க ஜே.ஆரின் காரை மோதுகிறான். அன்று அந்தக் காரை ஓட்டிப்போனது சூ எலன், பக்கத்தில் மிக்கி என்ற பையன். மிக்கிதான் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் விழுந்தான். மிஸ் எல்லி கோர்ட்டுக்குப் போய் உயிலை உடைக்கப் பார்த்தும் முடியவில்லை.

உங்கள் டிவிடியில் விட்டுப்போனது இதுவாகத்தான் இருக்கும். மிக்கியின் உயிர்காக்கும் கருவியை நிறுத்தியதாக ரே மேல் கொலை வழக்கு நடக்கும். நிறுத்தியது ரே அல்ல, மிக்கியின் தாய் லில். அந்த அம்மாவைக் காப்பாற்ற ரே பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். இந்தத் தொடரில் யாரும் பேசாத நல்ல கதை இதுதான். எங்கிருந்தாவது தேடிப் பாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: முதல் பகுதியில் லூசியும் ரேயும் வைக்கோல் கொட்டகையில் சந்திக்கிறார்கள். பின்னால் ரே ஜாக்கின் மகன் என்கிறார்கள். லூசி கேரியின் மகள். அப்படியானால் ரே அவளுக்குச் சித்தப்பா முறை இல்லையா?

ஆமாம், முறைதான். பதில் சொல்லாமல் விட்டதும் உண்மைதான். 1978-இல் எழுதும்போது ரே வெறும் பண்ணை மேலாள். 1980-இல்தான் அவனை ஜாக்குக்கு, போர்க்காலத்தில் பழகிய ஒரு நர்ஸிடம் பிறந்த பிள்ளையாக்கினார்கள். பழையதை எடுத்தால் தொடர் நாறிவிடும் என்று அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்தே பேச்சை ஆரம்பிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அண்ணன்: பாபி கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) பிள்ளை கிறிஸ்டஃபர் யாருக்குப் பிறந்தவன்? ஒரு சமயம் ஜே.ஆரின் மகன் என்கிறார்கள், ஒரு சமயம் இல்லை என்கிறார்கள்.

இல்லை அண்ணே, ஜே.ஆரின் மகன் இல்லை. தாய் கிறிஸ்டின், சூ எலனின் தங்கை, ஜே.ஆரைச் சுட்டவள். அவளுக்கு ஜே.ஆரால் உண்டான கரு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெஃப் ஃபாரடே என்பவனுக்குப் பிறந்தவன்தான் கிறிஸ்டஃபர். கிறிஸ்டின் சவுத்ஃபோர்க் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்த பிறகு ஃபாரடே பணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பாபியிடம் கொடுக்கிறான். பிள்ளை இல்லையே என்று பாம் உடைந்துபோயிருந்த நேரம் அது. பாபி யார் பிள்ளை என்று சொல்லாமல் அவள் கையில் குழந்தையைக் கொடுத்துவிடுகிறான்.

இங்கேதான் எனக்குப் பாபி மேல் வருத்தம். நம்மிடம் பிள்ளை கூட்டுவது மறைவான காரியம் இல்லை. அதே கோயில் பங்காளிகளுக்குள் பார்த்து, பெரியவர்களை வைத்து, ஊரறியச் செய்வார்கள். யார் பெற்ற பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும், அன்றிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரியும். பிறகு அவன் பங்கை ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. பாபி ஒளித்துச் செய்ததால் அது ஜே.ஆர். கையில் துருப்பாகப் போனது. அவன் தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தம்பியை மிரட்டினான். 2012-இல் தொடரைப் புதுப்பித்து எடுத்தபோது வளர்ந்த கிறிஸ்டஃபருக்கு அந்தக் குறை நெஞ்சில் அப்படியே இருக்கும். நீ நிஜ யூயிங் இல்லை என்கிற குத்தல் முப்பது வருஷம் கழித்தும் வேலை செய்கிறது.

புதுவயலிலிருந்து: ஜே.ஆரைச் சுட்டது யார் என்பதற்கு உலகமே காத்திருந்ததாமே?

சுட்டது 1980 மார்ச் 21 அன்று. சுட்டவர் யார் என்று தெரிந்தது நவம்பர் 21 அன்று. நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வந்ததால் இன்னும் இழுத்தது. விஷயம் வெளியே போகாமல் இருக்க, பல பேர் சுடுவது போலவும் எடுத்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 8 கோடிப் பேருக்கு மேல் அன்று பார்த்தார்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு பேரன்: எங்கள் ஐயா வைத்திருந்த கேசட்டில் பாபி செத்துப்போனார். கடைசிக் கேசட்டில் குளியலறையில் நின்று குளிக்கிறார். நடுவில் என்ன நடந்தது, ஆச்சி?

உங்கள் ஐயா கேசட் கெட்டுப்போகவில்லை, தம்பி. கதையே அப்படித்தான். 1985 மே மாதம் பாமைக் காப்பாற்றப் போய், அவளுடைய தங்கை கேத்ரின் ஓட்டிவந்த காரில் அடிபட்டுப் பாபி இறக்கிறான். பாபியாக நடித்த பேட்ரிக் டஃபி தொடரை விட்டு விலக நினைத்ததால் வந்த முடிவு. ஒரு வருஷம் கழித்து அவர் திரும்ப வந்தார். 1986 மே 16 அன்று பாம் கண் விழித்துக் குளியலறைக் கதவைத் திறந்தால் பாபி நிற்கிறான். செப்டம்பரில் விளக்கம் சொன்னார்கள்: அந்த ஒரு வருஷமும் பாம் கண்ட கனவு.

எல்லோரும் இதை வேடிக்கையாகப் பேசுவார்கள். எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் அந்த 31 பகுதிகளில் நல்ல விஷயங்கள் இருந்தன. ரேயும் அவன் மனைவி டோனாவும் தங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்து தவிப்பார்கள். அந்தக் கரு தங்காமல் போன பிறகு டோனா குறையுள்ள பிள்ளைகளோடு பழகத் தொடங்குவாள், காது கேளாத ஒரு சிறுவனை இருவரும் தங்கள் பிள்ளையாக்கிக்கொள்வார்கள். சூ எலன் தெருவில் விழுந்து கிடக்கும் நிலைக்குப் போய், தானே எழுந்து குடியை விடுவாள். ஒரு வாக்கியத்தில் இவ்வளவும் அழிந்தது. அடுத்த வருஷம் சூ எலன் பழைய இடத்தில் நிற்கிறாள், டோனாவும் ரேயும் பிரியப் போகிறார்கள். கனவு என்று தெரிந்துகொண்டே அந்த வருஷத்தைப் பாருங்கள். நடித்தவர்கள் யாரும் கனவு என்று நினைத்து நடிக்கவில்லை.

நாச்சியாபுரத்திலிருந்து ஒரு ஆச்சி: மிஸ் எல்லி நடுவில் வேறு ஆளாக வருகிறாரே, எனக்குக் கண்ணில் கோளாறோ என்று நினைத்தேன்.

கண் நன்றாக இருக்கிறது ஆச்சி. பார்பரா பெல் கெடிஸுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறம் அவர் விலகியதால் 1984-85 வருஷத்தில் டோனா ரீட் நடித்தார். பிறகு பெல் கெடிஸே திரும்பி வந்துவிட, ரீட் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கினார்.

டோனா ரீட் நல்ல நடிகைதான், ஆனால் மிஸ் எல்லி பெல் கெடிஸ்தான். ஜாக் இனி வரமாட்டார் என்பதை வெகு நாள் ஒத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் அடுக்களையில் நின்று தட்டுகளை எடுத்து எடுத்து உடைப்பார், பார்த்திருப்பீர்கள். கதறல் முதலில் வராது. கைதான் முதலில் பேசும், அழுகை அதற்குப் பிறகு. இன்னொன்று, அந்தப் பண்ணை மிஸ் எல்லியின் பிறந்த வீட்டுச் சொத்து, சவுத்வொர்த் குடும்பத்து நிலம். எண்ணெய் ஜாக்குடையது, மண் எல்லியுடையது. நம் பெண்களின் சீர் முறைச்சிட்டை என்ற பட்டியலில் எழுதி அவர்கள் பேரிலேயே நிற்பதைப் போல, அந்த மண்ணின் மேல் அவருக்கு இருந்த பிடி கடைசி வரை தளரவில்லை. அங்கே எண்ணெய் தோண்டக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் 2012 தொடருக்கே கதைக்கரு.

பொன்னமராவதியிலிருந்து: பாம் கடைசியில் என்ன ஆனாள்? கிளிஃப் பார்ன்ஸ் நல்லவனா கெட்டவனா?

பாம் 1987-இல் கார் விபத்தில் தீக்காயம் பட்டுக் குடும்பத்தை விட்டுப் போய்விடுகிறாள். விக்டோரியா பிரின்சிபல் அதோடு விலகினார். அடுத்த வருஷம் வேறு நடிகை ஒரு காட்சியில் பாமாக வந்து, தனக்கு நாள் குறைவு என்பாள். அவள் 1989-இலேயே இறந்துவிட்டாள் என்று புதிய தொடரில்தான் சொன்னார்கள். இத்தனைக்கும் யூயிங்குகளுக்குப் பகையான பார்ன்ஸ் குடும்பத்துப் பெண் என்று நினைத்திருந்த பாம் ரத்தத்தால் பார்ன்ஸ்கூட இல்லை. அவளுடைய தகப்பன் சவுத்ஃபோர்க்கில் வேலை பார்த்த ஹட்ச் மெக்கின்னி என்று, அவள் தகப்பன் என்று நம்பியிருந்த டிக்கர் பார்ன்ஸ் சாகும்போது சொல்லிவிடுகிறார். இரண்டு குடும்பத்துப் பகைக்கு நடுவில் நின்று நசுங்கிய பெண் எந்தப் பக்கமும் சேர்ந்தவள் இல்லை. இதை அவர்கள் இன்னும் ஆழமாக எடுத்திருக்கலாம்.

கிளிஃப் பாமின் அண்ணன், தன் தகப்பன் டிக்கர் ஏமாற்றப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன். பழைய தொடரின் முடிவில் யூயிங் ஆயில் அவன் கைக்கே வருகிறது. புதிய தொடரிலோ, ஜே.ஆர். சாகும் முன் போட்ட திட்டப்படி, செய்யாத கொலைக்கு மெக்சிகோ சிறையில் கிடக்கிறான். அவன் செய்த வேறு பாவங்கள் எனக்கும் தெரியும். இருந்தாலும் பாபிக்கும் கிறிஸ்டஃபருக்கும் உண்மை தெரிந்திருந்தும் அவனை உள்ளே விட்டுவிட்டு வந்தார்களே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செட்டிநாடு ரயில் நிலையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி: கேரி எங்கே போனான்? வருவான், போவான், முழுக் கதை கிடைக்கவில்லை.

கேரியின் கதை வேறொரு தொடரில் இருக்கிறது, ‘நாட்ஸ் லேண்டிங்’. 1979 டிசம்பர் முதல் 1993 மே வரை, 344 பகுதிகள். இரண்டையும் உருவாக்கியவர் டேவிட் ஜேக்கப்ஸ்தான். அவர் மனதில் முதலில் இருந்ததே இந்தத் தொடர், சிபிஎஸ் இன்னும் ஆடம்பரமாக ஒன்று கேட்டதால் டல்லாஸ் முந்திக்கொண்டது. ஜே.ஆர். துரத்தியடித்த கேரியும் அவன் மனைவி வேலீனும், குழந்தை லூசியைத் தாத்தா பாட்டியிடம் விட்டுக்கொடுக்க வேண்டிவந்த அதே இருவர், கலிபோர்னியாவில் ஒரு சின்னத் தெருவில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்குவார்கள். வேறு வைத்தால் யூயிங் பிள்ளைகூட மனிதனாக வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள். அந்தத் தொடரில் பாபி செத்தது செத்ததுதான். வேலீன் தன் இரட்டைக் குழந்தைகளில் ஒருவனுக்குப் பாபி என்று பெயர் வைத்திருப்பாள், கனவு என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் 1986-க்குப் பிறகு இரண்டு தொடரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. முதலில் டல்லாஸில் கேரி வரும் பகுதிகளைப் பார்த்துவிட்டு நாட்ஸ் லேண்டிங்கைத் தொடங்குங்கள், குழப்பம் வராது.