17 அங்குல லேப்டாப்புக்குப் பை: இன்ச் டேப்போடு கடைக்குப் போங்கள்

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறாள். முப்பரிமாண வரைபட வேலைக்காக 17.3 அங்குல லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஸ்கூட்டர், அங்கிருந்து கிண்டிக்கு மின்சார ரயில். ‘17 இன்ச் வரை’ என்று அட்டை தொங்கிய பையை வாங்கி வந்து பார்த்தால் ஜிப் மூடவில்லை, திருப்பிக் கொடுத்தாயிற்று. “1,500 ரூபாயிலும் பை இருக்கிறது, 8,000 ரூபாயிலும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த ஜிப் ஏன் மூடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். 17.3 என்பது படம் தெரியும் பரப்பின் மூலைவிட்ட அளவு மட்டும்தான். லேப்டாப்பின் உடம்பு எவ்வளவு பெரிது என்று அது சொல்லாது. 17.3 அங்குலத் திரையின் அகலம் சுமார் 38.3 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. உங்கள் மகளுடையது போன்ற கனமான கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் திரைக்குப் பின்னால், ஹிஞ்சை (மூடி மடங்கும் கீலை) தாண்டியும் காற்று வெளியேறும் பகுதி நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்தால் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம், 28, 29 செ.மீ. வரை போய்விடும். எல்.ஜி. கிராம் 17 என்ற லேப்டாப்பின் எடை 1.35 கிலோதான். உங்கள் வீட்டில் இருப்பது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு கனம், தடிமனும் கூடுதல். பை அட்டையில் இரண்டுக்கும் போட்டிருப்பது ஒரே ‘17’தான்.

அதனால் அட்டையை விடுங்கள். லேப்டாப்பை மூடி வைத்து அகலம், ஆழம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தடிமனை அடியில் இருக்கும் ரப்பர் கால்களோடு சேர்த்து அளக்க வேண்டும். கடையில் பையின் வெளிப்புறத்தை அளக்காமல், லேப்டாப் அறையின் உள்ளே டேப்பை விட்டு அளக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். மூன்று, நான்கு செ.மீ. கூடினால் அதுவும் தப்பு. நடக்க நடக்க லேப்டாப் உள்ளே ஆடி, ஒவ்வொரு மூலையும் தேயும். ஆன்லைனில் வாங்குவதானால் ‘லேப்டாப் அறையின் உள் அளவு’ என்று தனியாகப் போட்டிருக்கும் பையை மட்டும் பாருங்கள்.

அளவு சரியானது. இனி, பைக்குள் இருந்துகொண்டே லேப்டாப் எப்படி உடைகிறது? பதினைந்து வருடமாகப் பழுது பார்க்கிறேன். பெரும்பாலும் இரண்டே வழிதான்: மூலை அடிபடும், அல்லது மூடி அழுந்தும்.

மூலையை எடுத்துக்கொள்வோம். பையை யாரும் தலைக்கு மேலிருந்து போடுவதில்லை. தோளிலிருந்து கழற்றி, தரையில் ‘தொப்’பென்று வைக்கிறோம். வகுப்பில், பிளாட்பாரத்தில், சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை. சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் கொண்டுவந்த 17 அங்குல லேப்டாப்பில், கீழ்மூலை அலுமினியம் உள்பக்கமாக மடிந்திருந்தது. அந்த மூலையிலிருந்து கிளம்பிய பச்சைக் கோடு ஒன்று திரையில் நேராக மேலே போயிருந்தது. பையைக் காட்டச் சொன்னேன். முன்பக்கமும் பின்பக்கமும் விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச். அடியில் கையை விட்டுப் பார்த்தால் ஒற்றைத் துணி, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்லாம் மெத்தை வைத்துவிட்டு, தேவையான இடத்தில் வைக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பை 75 செ.மீ. உயர பெஞ்சிலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், தன் எடையைப்போல எத்தனை மடங்கு விசையை லேப்டாப் தாங்க வேண்டியிருக்கிறது என்று தோராயமாகத் தெரியும். அரை செ.மீ.க்குள் நின்றால் 150 மடங்கு. 2 செ.மீ.க்குள் நின்றால் 40க்கும் கீழே. ஸ்பாஞ்ச் தன் முழுத் தடிமனுக்கும் அமுங்காது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த ஒன்றரை செ.மீ. என்ன வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள்.

நல்ல பைகளில் லேப்டாப் அறை பையின் அடிவரை வராது. இரண்டு, மூன்று செ.மீ. மேலேயே தொட்டில் மாதிரி தொங்கி நிற்கும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வையுங்கள். மகள் பையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மெல்ல மேலே அழுத்துங்கள். லேப்டாப்பின் விளிம்பு உடனே கையில் தட்டினால் அந்தப் பை வேண்டாம். பிறகு பக்கவாட்டு மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் நேராகப் போய் அடுத்த பக்கத்துத் துணியைத் தொட்டால் அது வெறும் ஸ்பாஞ்ச், ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். அழுத்த அழுத்த எதிர்த்துத் தள்ளி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். செருப்பின் அடிப்பாகத்தில் வருகிற ஈ.வி.ஏ. ஃபோம் அப்படித்தான் இருக்கும்.

மற்றதெல்லாம் பிடித்து, அடி மட்டும் சரியில்லையா? லேப்டாப் வந்த பெட்டியிலேயே வெள்ளை ஃபோம் கட்டை இருக்கும். 2 செ.மீ. தடிமனுக்கு ஒரு துண்டு நறுக்கி அறையின் அடியில் இறுக்கமாகப் போட்டுவிடுங்கள். அளவெடுக்கும்போது அந்த 2 செ.மீ.க்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூடி. “கீழே போடவே இல்லை சார், காலையில் திறந்தேன், இப்படி இருந்தது” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. திரையில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல் கிளம்பியிருந்தால், பையில் அந்த உயரத்துக்கு நேராக அனேகமாக சார்ஜர் கட்டை இருக்கும், இல்லையென்றால் டிபன் பாக்ஸ். தாம்பரம் தாண்டிய பிறகு ரயிலில் ஏறும் கூட்டத்தை உங்கள் மகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் நிற்பவர் சாய்ந்தால் அந்த அழுத்தம் முழுவதும் சார்ஜரின் ஒரு முனை வழியாக மூடியில் இறங்கும். பெரிய திரை என்பதால் நடுவில் தாங்கலும் குறைவு.

ஆகவே லேப்டாப் அறை தனியாக, முதுகை ஒட்டி இருக்க வேண்டும். சார்ஜருக்கு முன்பக்கம் அல்லது அடியோரம் வேறு அறை வேண்டும். லேப்டாப்பின் மூடி முதுகுப் பக்கம் பார்க்கட்டும், அடிப்பாகம் புத்தகங்களைப் பார்க்கட்டும். நெரிசலில் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்வது நல்லது. ரயிலின் மேல்தட்டில் படுக்க வைக்க வேண்டாம், அடுத்தவர் பெட்டி அதன்மேல் ஏறும். ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்தால் ஒவ்வொரு குழியும் நேராக லேப்டாப்புக்குப் போகும். முதுகில் மாட்டினால் உடம்பே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

மழைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் பையையும் நம்பாதீர்கள். துணி தண்ணீர் விடாது என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் தண்ணீர் வருவது தையல் ஓட்டைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும். பையோடு வரும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. ஸ்கூட்டரில் போகும்போது சட்டை வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் சேரும், லேப்டாப் இருப்பதும் அங்கேதான். தடிமனான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பையிலேயே மடித்து வைத்திருக்கட்டும். மேகம் கறுத்தால் லேப்டாப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு உறைக்குள் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும்.

அணைப்பது பற்றி ஒரு வார்த்தை. மூடியை மட்டும் மூடிப் பைக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் சில சமயம் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு ஓடும். காற்று போக வழி இல்லாததால் அடுப்பு மாதிரி சூடாகிவிடும், பேட்டரிக்கு அது மிகவும் கெடுதல். ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுவதுமாக அணைவது) செய்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அட்டையில் ‘1680டி’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த டெனியர் கணக்கு. துணி சீக்கிரம் தேயாது என்பதற்கு அடையாளம், அடிபடாது என்பதற்கு அல்ல. யு.எஸ்.பி. போர்ட், எண் பூட்டு இவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஜிப் ரன்னரை மட்டும் மூலை வளைவில் நான்கு தடவை இழுத்துப் பாருங்கள். சிக்கினால் வேண்டாம்.

கடைசியாக எடை. லேப்டாப் மூன்று கிலோவுக்கு அருகில், சார்ஜர் ஒரு கிலோவுக்கு அருகில், பை ஒன்றே கால், தண்ணீர் ஒரு லிட்டர். ஸ்கேல், புத்தகம் வைப்பதற்கு முன்பே ஆறு கிலோ. ஒற்றை வார்ப் பை இதற்கு ஆகாது. அகலமான இரண்டு வாரும், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டையும் உள்ள முதுகுப் பைதான் வேண்டும். வார் பையோடு சேரும் இடத்தில் கட்டமாகத் தையல் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், அறுவது அங்கேதான்.

இத்தனையும் உள்ள பை 3,000, 4,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும், 8,000 போக வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கிய அன்று விலைச்சீட்டை அறுக்காமல், முழுச் சுமையும் வைத்து மகளை மாடிப்படி பத்து நிமிடம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். தோளில் வெட்டினாலோ, பை இடுப்புக்குக் கீழே தொங்கினாலோ மறுநாளே கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.