தடயவியல் உளவியல் உங்களுக்கு ஒத்துவருமா? கேட்டவர்களுக்குப் பதில்

கல்லூரி மாணவி: தொடர் கொலையாளிகள் பற்றிய ஆவணப்படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன் சார். இந்தத் துறை எனக்குப் பொருந்துமா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதும்மா. தடயவியல் உளவியலாளராக இத்தனை வருடத்தில் நான் ஒரு தொடர் கொலையாளியைக்கூடச் சந்தித்ததில்லை. குற்றம் நடந்த இடத்தைப் பார்த்து ஆளின் குணத்தைக் கணிப்பது இத்துறையின் ஒரு சின்ன மூலைதான். நீதிமன்றம் எங்களிடம் கேட்பதே வேறு. இவர் விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா? வெளியே விட்டால் மறுபடி வன்முறையில் இறங்குவாரா? பெற்றோர் பிரிந்தபின் குழந்தை யாரிடம் இருப்பது நல்லது?

நேரில் பேசுவது சில மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் நாள்கணக்கில் வாசிப்பும் எழுத்தும்தான். பள்ளிப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, பழைய வாக்குமூலம் என்று கட்டுக்கட்டாக வரும். ஒரு வழக்கில் முந்நூறு பக்கங்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி: நான் மதிப்பிட்டவர் பதினோரு வயதில் மரத்திலிருந்து விழுந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அவரே அதைச் சொல்லவில்லை. என் அறிக்கையின் போக்கையே மாற்றியது அந்த வரி. அப்படி ஒரு வரிக்காக மிச்சப் பக்கங்களையும் தூங்காமல் புரட்டுவீர்களா? அதை யோசியுங்கள்.

உளவியல் முதுகலை முடித்தவர்: ஒருவர் நடிக்கிறாரா என்பது முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இது பலம்தானே?

கோபப்படாதீர்கள், அந்த நம்பிக்கைதான் பலவீனம். பாண்ட், டிபாலோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் திரட்டி 2006-இல் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது 100-க்கு 54 தடவைதான். காசு சுண்டிப் போட்டாலே 50 வருமே!

அதனால் சோதனைகளை வைத்துத்தான் பார்க்கிறோம். நினைவே போய்விட்டது என்கிறவரிடம் ஐம்பது படங்களைக் காட்டுவோம். அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரு புதுப் படத்தோடு சேர்த்து இரண்டிரண்டாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்போம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சுமார் 25 சரியாக வரும். ஒருவர் பத்துதான் சரியாகச் சொல்கிறார் என்றால், விடை தெரிந்தே தவிர்க்கிறார் என்று பொருள். சரி, ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அங்கேயே நிறுத்திவிடவும் கூடாது. மிகைப்படுத்துகிறவருக்கு உண்மையான நோயும் இருக்கலாம்.

மனநல ஆலோசகர்: எட்டு வருடமாக மக்களுக்கு உதவி வருகிறேன். அந்த நிறைவு இதிலும் கிடைக்குமா?

சிறையில் சிகிச்சை தரும் பணி என்றால் கிடைக்கும். மதிப்பீட்டுப் பணியில் கஷ்டம். அங்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியது நீதிமன்றத்துக்கு. "இது நமக்குள் இருக்கட்டும்" என்று சொல்லவே முடியாது. உட்கார்ந்ததுமே, "நீங்கள் சொல்வது அறிக்கையில் வரும்" என்று தெரிவித்துவிட வேண்டும். நடுவில் எதிரே இருப்பவர் அழுதுகொண்டே, "எனக்கு உதவி பண்ணுவீங்கல்ல?" என்பார். அப்போதும் தலையாட்டக் கூடாது. உங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கு இதுதான் வலிக்கும். நீங்கள் யாரை மதிப்பிடுகிறீர்களோ அவருக்கு நீங்களே சிகிச்சையும் தருவது சரியாக வராது.

ஒரு தந்தை: மகள் ஆசைப்படுகிறாள். பாதுகாப்பான வேலையா? எவ்வளவு காலம் படிக்க வேண்டும்?

சந்திப்புகள் பெரும்பாலும் காவல் உள்ள இடத்தில்தான். அடிபடுவதைவிட மனம் களைப்பதே அதிகம். குழந்தைகள் மீதான வன்கொடுமை வழக்குக் கட்டுகளைப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டியிருக்கும். படிப்பு நீளம். உளவியல் பட்டம், முதுகலை, மருத்துவ உளவியல் பயிற்சி, பல நாடுகளில் முனைவர் பட்டம், உரிமம். இளங்கலையிலேயே 'தடயவியல்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். முதலில் உளவியல் அடிப்படை உறுதியாகட்டும்.

இன்னொருவர்: நான்கு பேர் முன் பேசவே கூச்சம். சாட்சிக் கூண்டில் என்ன செய்வேன்?

பேச்சுத்திறன் அவ்வளவாகத் தேவையில்லை. "இவர் இனி இப்படிச் செய்யவே மாட்டார் என்று உறுதி சொல்ல முடியுமா?" என்று வழக்கறிஞர் மடக்குவார். "முடியாது" என்று சொல்லிவிட்டு நிறுத்தத் தெரிந்தால் போதும். நான் முதல் தடவை நிறுத்தாமல் விளக்கப் போய், குறுக்கு விசாரணையில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டேன்.