மும்பை சோர் பஜார் கத்தி ஒரிஜினலா? கேட்டவங்களுக்கு என் பதில்

தாராவி தம்பி: அண்ணே, சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல ஒரு பயோனெட் (துப்பாக்கி முனைல மாட்டுற கத்தி) வாங்கினேன், பிளேடு 12 இன்ச் தான் இருக்கு, ஒரிஜினல் 17 இன்ச்சுங்கிறாங்க, வெட்டி ஏமாத்திட்டாங்களா?

மனசை விடாத தம்பி. பிரிட்டிஷ்காரங்க 1907 மாடல்ல பிளேடு 17 இன்ச் தான், ஆனா ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இங்க நம்ம ராணுவத்துக்காகவே 12 இன்ச் அளவுக்கு குறைச்சாங்க, அதனால நீளத்தை வச்சு முடிவு பண்ணாத. பிடிக்கு பக்கத்துல டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாரு, கிரீடமும் ஆர்.எஃப்.ஐ.யும் இருந்தா வங்காளத்து இஷாப்பூர் ஃபேக்டரியோடது. எக்ஸ் குறி இருந்தா பிளேடை வளைச்சு டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனதுன்னு அர்த்தம். கையால அடிச்ச முத்திரைல ஒரு எழுத்து ஆழமா இருக்கும் இன்னொண்ணு மேலாப்புல இருக்கும், இப்ப மெஷின்ல போடுறது எல்லாம் ஒரே ஆழம்.

சயன்ல இருந்து ஒருத்தர்: என்னோடதுல 1915ன்னு இருக்கு, ஆனா பிடி முனைல ஓட்டை இருக்கே?

அந்த ஓட்டை வந்தது 1916ல. பழசெல்லாம் ரிப்பேருக்கு வந்தப்ப அதுக்கும் போட்டாங்க சார், கவலைப்படாதீங்க.

செம்பூர் அக்கா: மாமனார் வச்சிருந்த கட்டாரி, தங்க வேலை இருக்கு, திப்பு காலத்துதுன்னு சொல்வார்.

அக்கா, திப்பு பேரை இங்க பாதி கடைல சொல்றாங்க, பேரை விட்டுட்டு இரும்பைப் பாருங்க. தங்கம் தேஞ்ச இடத்துல லென்ஸ் வச்சா, கீழ இரும்புல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கீறின வலை தெரியணும், அந்தக் கீறல்ல தான் தங்கக் கம்பியை வச்சு தட்டி பிடிக்க வைப்பாங்க. வலையே இல்லாம வழவழன்னு இருந்தா முலாமோ பெயிண்டோ தான். துரு விரல்ல செங்கப்பொடியா ஒட்டினா ஆசிட் ஊத்தி பழசாக்கினதுன்னு சந்தேகப்படுங்க, உண்மையான பழைய துரு கருப்பா கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும். எனக்கு வயிறு எரியுறது என்னன்னா, நல்ல கட்டாரியை பஃபிங் சக்கரத்துல குடுத்து பளபளன்னு ஆக்கிடுறாங்க, 200 வருஷம் ஒரு நிமிஷத்துல போயிடுது, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

மாட்டுங்கா தம்பி: சிங்கப்பூர்ல இருக்கிற மாமாவுக்கு அனுப்பலாமா?

100 வருஷம் தாண்டினதுன்னா 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு அனுப்பக் கூடாது.

செம்பூர் அக்கா: மழைக்காலத்துல எப்படி வைக்கிறது?

தோல் உறைல போட்டு வைக்காதீங்க அக்கா, ஈரத்தை உறிஞ்சி பிளேடை அரிச்சிடும். மெஷின் ஆயில் லேசா தடவி காட்டன் துணில சுத்தி தனியா வைங்க, உறை பக்கத்துலயே இருக்கட்டும், ரெண்டும் சேர்ந்து இருந்தா தான் மதிப்பு.