தெரபி அறைக்குள் எதைப் பேசுவது? கேள்வி பதில்

தெரபிஸ்டிடம், அதாவது பேச்சு வழியாக மனநல சிகிச்சை தருபவரிடம், எதை எப்படிப் பேசுவது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாத்திரை அளவு பற்றிக் கேட்டவர்கள் உங்கள் மனநல மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கவுன்சலர், மருந்து என் துறை இல்லை.

கேள்வி: அடுத்த வாரம் முதல் செஷன். எழுதி எடுத்துட்டுப் போனா சின்னப்புள்ளத்தனமா இருக்குமா மேடம்?

தாராளமாக எடுத்துப் போங்கள். சுயசரிதை வேண்டாம், அரைப் பக்கம் போதும். இத்தனை நாள் போகாமல் இப்போது போகத் தூண்டியது எது, எது மாறினால் 'வந்தது வீண் போகவில்லை' என்பீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இருந்தால் சரி. முதல் நாள் பெரும்பாலும் தெரபிஸ்ட்தான் கேள்வி கேட்பார். தூக்கம், பசி, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று போகும். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றியதுண்டா என்றும் கேட்பார். எல்லாரிடமும் கேட்பதுதான், பதற வேண்டாம். நீங்களும் அவருடைய படிப்பு, பயிற்சி, எந்த முறையில் வேலை செய்வார் என்றெல்லாம் கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்பட்டால், ஆள் எப்படி என்று முதல் நாளே தெரிந்துவிட்டது!

கேள்வி: அந்த வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நேரம் ஆயிடுது. முக்கியமான விஷயம் கிளம்பறப்பதான் ஞாபகம் வருது.

ஞாபகம் முன்பே இருந்திருக்கும். கதவுப் பக்கம் நின்று சொன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிராது, அந்த வசதிக்காக மனசு தள்ளிப்போடுகிறது. எங்கள் தொழிலில் எல்லாரும் பார்த்துப் பழகிய காட்சி இது. ஒரு செஷன் வழக்கமாக 45, 50 நிமிடம்தான். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையில், ஆரம்பத்திலேயே இன்று எதைப் பேசலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வது அதனால்தான். உங்களுடையவர் வேறு முறைக்காரராக இருந்தாலும் நீங்களே ஆரம்பிக்கலாம். "ஒரு விஷயம் பேசணும், சொல்லத் தயக்கமா இருக்கு." இந்த அளவுக்காவது முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை வெளியே கொண்டுவர உதவுவது அவர் வேலை.

வாரக் கதையைப் பொறுத்தவரை, ஏழு நாளையும் ஒப்பிக்காமல் ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். 'மேனேஜர் எப்பவும் மட்டம் தட்டறார்' என்பதை வைத்துக்கொண்டு தெரபிஸ்டால் அதிகம் செய்ய முடியாது. செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் சொன்னது என்ன, அந்த நொடி உங்களுக்குள் ஓடியது என்ன, உடம்பு எப்படி இருந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்று சொன்னால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

கேள்வி: நாலு செஷன் ஆச்சு. நான் சொல்றது அவங்களுக்குப் புரியலைன்னு தோணுது. ஆளை மாத்திடலாமா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களில் ஒருவர்கூட இதைத் தம் தெரபிஸ்டிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நண்பர்களிடம் சொல்லியாயிற்று, என்னிடமும் சொல்லியாயிற்று!

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல், தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டு மூன்றால் ஆனது என்று எழுதினார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்கிறோம் என்ற இரண்டிலும் ஒத்த கருத்து, கூடவே பரஸ்பர நம்பிக்கை. இந்தக் கூட்டு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்பது, எந்த முறைத் தெரபியாக இருந்தாலும், ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எனவே உங்களுக்கு எது இடிக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் தூக்கத்துக்காகப் போயிருக்க, அவர் அப்பாவைப் பற்றியே கேட்கிறாரா? "தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை" என்று கேளுங்கள். அவர் சொன்னது குத்தியதா? "போன வாரம் நீங்க சொன்னது கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் தன் தரப்பை வாதாட மாட்டார், மேலும் விசாரிப்பார். மனத்தாங்கலை எதிராளியிடமே சொல்லி, உறவு உடையாமல் மீண்டு வருவது பலருக்கு வாழ்க்கையில் முதல் அனுபவமாக அங்கேதான் கிடைக்கிறது. சொல்லியும் இரண்டொரு செஷனில் எதுவும் மாறவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள், குற்ற உணர்வு வேண்டாம்.

தொட முயல்பவர், காதல் பேச்சு பேசுபவர், தன்பாலின ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்பவர், உங்கள் அனுமதியின்றிக் குடும்பத்திடம் விஷயத்தைச் சொல்பவர் விஷயத்தில் இந்தப் பொறுமையெல்லாம் தேவையில்லை. உடனே வெளியேறுங்கள், புகாரும் கொடுக்கலாம்.

கேள்வி: ஒரு விஷயத்துல பொய் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லியே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. தெரபிஸ்டிடம் பொய் சொல்வதும் சகஜம்தான். "அன்னிக்கு முழுசா சொல்லலை, இப்பவும் சொல்ல முடியலை" என்றாலே போதும், சொல்வதற்கு எது தடையாக இருக்கிறது என்று பேச ஆரம்பிக்கலாம். குடி, போதைப்பொருள், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை மட்டும் மறைக்காதீர்கள், சிகிச்சையின் திசையே அவற்றால் மாறும். ரகசியம் காக்கப்படும். ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை பொதுவாக விதிவிலக்கு. எந்த அளவுக்கு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டுல செஞ்சு பாக்கச் சொல்லித் தெரபிஸ்ட் குடுத்த வீட்டுப்பாடம் செய்யலை. போகவே வெட்கமா இருக்கு.

போங்கள். செய்ய நினைத்தபோது எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொல்லுங்கள். பாதி நேரம் பாடம் பெரிதாக இருந்ததுதான் காரணம், குறைத்துத் தருவார்.

கேள்வி: போயிட்டு வந்தா முன்னைவிட மோசமா இருக்கு. இது நார்மலா?

பழைய காயத்தைத் தொட்ட நாளில் சோர்வு, அழுகை, தூக்கக் குறைவு வரலாம். பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் எக்ஸ்போஷர் முறையில் ஆரம்பத்தில் பதற்றம் ஏறவே செய்யும். இவை ஓரிரு நாளில் அடங்க வேண்டும். வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு என்றால் பிஎச்கியூ-9 என்ற படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. அவ்வப்போது நிரப்பிக் காட்டினால், நினைவை மட்டும் நம்பிப் பேச வேண்டியதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசர உதவியை நாடுங்கள், நெருங்கிய ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை செஷன் ஆகும்?

ஆளுக்கும் பிரச்சினைக்கும் ஏற்ப மாறும். உளவியலாளர் கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எட்டு செஷனுக்குள் சுமார் பாதிப் பேரிடமும், 26 செஷனுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. அதனால் இரண்டாவது செஷனிலேயே கணக்குப் பார்க்காதீர்கள். எட்டு, பத்து ஆகியும் துளி மாற்றம் இல்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள்.

கேள்வி: இப்ப நல்லா இருக்கேன். நிறுத்திக்கறேன்னு மெசேஜ் போட்டா போதுமா?

போதும்தான். முடிந்தால் ஒரு செஷன் நேரில் போய் முடியுங்கள். எது உதவியது, சரிவு மறுபடி வந்தால் முதலில் எப்படித் தலைகாட்டும், அப்போது என்ன செய்வது என்று இருவருமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். மாத்திரையும் எடுப்பவர்கள் தெரபியோடு சேர்த்து அதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.