வெட்டுக்காயப் பூண்டும் கரிசலாங்கண்ணியும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன?

சென்னையில் ஐப்பசி மழைக்குப் பிறகு வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைக்கும் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். இதில் நாம் 'ஒரு பூ' என்பது உண்மையில் கூட்டுப்பூ. ஒரே காம்பின் உச்சியில் பல குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஓரத்துப் பூக்கள் இதழ்போல விரிந்து பூச்சிகளை அழைக்கும், நடுவில் உள்ளவை பொட்டுப் பொட்டாக இருக்கும். நெருக்கிக் கட்டிய பூச்செண்டு தூரத்தில் ஒரே பூவாகத் தெரிகிற மாதிரிதான். அமைப்பு ஒன்றே என்பதால் கண் ஏமாறுகிறது.

சரி, குனிந்து பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டின் பூ ஏறக்குறைய ஒரு சாண் காம்பில் தனியாக நிற்கும். நடு மஞ்சள், சுற்றிலும் பெரும்பாலும் ஐந்து வெளிர் இதழ்கள், நுனியில் மும்மூன்று பற்கள். எவ்வளவு நேர்த்தி! பட்டாம்பூச்சிகள் தேடி வரும், அதனால் நான் பிடுங்குவதில்லை.

கரிசலாங்கண்ணிப் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நூல்போல மெல்லிய வெள்ளை இதழ்கள், நடுவும் வெள்ளைதான். துவைக்கிற கல், குழாயடி என ஈரமுள்ள இடம் அதற்குப் பிடிக்கும். சந்தேகமா? தண்டைக் கிள்ளிக் கசக்குங்கள். கொஞ்ச நேரத்தில் சாறு கருத்துவிடும்.

தரையில் படரும் மஞ்சள் பூச்செடி எல்லாமே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பலர் நினைக்கிறார்கள். இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த அலங்காரச் செடி, கீரையென்று பறிக்காதீர்கள்.