செம்பு சேர்த்த டைட்டானியம் டைசெலினைடு: மின்தடை ஏன் பூஜ்யமாகவில்லை?

வணக்கம். 6 சதவீதம் செம்பு நுழைத்த டைட்டானியம் டைசெலினைடை (டைட்டானியமும் செலினியமும் சேர்ந்த, அடுக்கடுக்கான சேர்மம்) திரவ ஹீலியத்தில் முக்கியும் மின்தடை மறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மாதிரியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். சாதாரண அழுத்தத்தில் ஹீலியம் கொதிப்பது 4.2 கெல்வினில். இந்தச் சேர்மம் எட்டும் உச்ச மீக்கடத்து வெப்பநிலையோ (மின்தடை முற்றிலும் மறையத் தொடங்கும் வெப்பநிலை) 4.15 கெல்வின்தான், அதுவும் 8 சதவீதம் செம்பில். 6 சதவீதத்தில் இன்னும் கீழே போக வேண்டும். ஹீலியத்தின் மேலுள்ள ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சி, அழுத்தத்தையும் அதோடு கொதிநிலையையும் குறைத்து, 2 கெல்வின் வரை இறக்கிப் பாருங்கள்.

அப்புறம், அறை வெப்பநிலையிலிருந்து இறங்கும்போது வரைந்த மின்தடைக் கோட்டை எடுங்கள். தூய டைட்டானியம் டைசெலினைடில் சுமார் 200 கெல்வினில் மின்னூட்ட அடர்த்தி அலை, அதாவது எலக்ட்ரான்கள் அலைபோலக் கூடியும் குறைந்தும் ஒழுங்காக அமையும் நிலை, உருவாகும். அதற்குச் சற்றுக் கீழே கோட்டில் பெரிய மேடு தெரியும். செம்பு அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து டைட்டானியத்துக்கு எலக்ட்ரான் தரத் தர, அந்த அலை அடங்கும். சுமார் 4 சதவீதத்தைத் தாண்டினால் மீக்கடத்தல் தலைகாட்டும். 2006-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கண்டது இது. இவ்வளவு சின்ன அளவு செம்பு இத்தனை மாற்றுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

உங்கள் கோட்டில் மேடு அப்படியே பெரிதாக நின்றால், நீங்கள் எடைபோட்ட செம்பு முழுவதும் உள்ளே போகவில்லை என்று பொருள். அப்படியானால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு சோதனையில் அணிக்கோவை அளவுகளை (படிகத்தில் அணுக்களின் வரிசை திரும்பத் திரும்ப வரும் இடைவெளிகளை) சரிபாருங்கள்; செம்பு நுழைந்திருந்தால் அவை கூடியிருக்கும்.