எல்லாமே படகுதானா?

கேள்வி: ஆறுகளைப் பற்றியும், ஆற்றில் படகு ஓட்டுவதைப் பற்றியும் நல்ல புத்தகங்கள் சொல்லுங்களேன். (பவானி வாசகர் ஒருவர்)

பதில்: சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் ‘படகு’. தோணி, ஓடம், பரிசல், வள்ளம், புணை, தெப்பம் என்று இத்தனை பெயர் இருக்கும் மொழியில், மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் படகாகிவிடுகிறது. இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதாத வருடம் இல்லை.

என் முதல் சிபாரிசையே பாருங்கள்: மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ (1884). சிறுவன் ஹக்கும், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஜிம்மும் மிசிசிப்பியில் போகிறார்கள். அவர்களிடம் கட்டைகளைப் பிணைத்த புணை ஒன்று, துடுப்புப் போடும் சின்னத் தோணி ஒன்று. கெய்ரோ என்ற ஊரில் ஒஹையோ ஆறு வந்து சேர்கிறது. அதன் வழியாக மேலே, அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போனால் ஜிம்முக்கு விடுதலை. மூடுபனியில் ஊரைத் தவறவிடுகிறார்கள். விடிந்ததும் கரையோரம் ஒஹையோவின் தெளிந்த நீர், அதற்கு அப்பால் மிசிசிப்பியின் கலங்கல். அதைப் பார்த்துத்தான் விஷயம் புரிகிறது. சரி, இருட்டியதும் தோணியில் திரும்பிவிடலாம் என்று காத்திருந்து வந்தால், தோணியைக் காணோம்! புணை எதிரோட்டத்தில் ஏறாது. தப்பி வந்தவன் அடிமை வியாபாரம் நடக்கும் தெற்கு நோக்கியே மிதக்கிறான். இரண்டையும் படகாக்கினால், ‘படகு காணாமல் போனது, படகில் போனார்கள்’ என்றாகிவிடும். வாசகனுக்கு அங்கே என்ன வலிக்கும்?

‘யாதும் ஊரே’ என்று முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோமே, அதே பாட்டில்தான் கணியன் பூங்குன்றன் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்கிறார். ஒரு மேடையில் அதையும் படகு என்று விளக்கினார்கள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகென்றால் துடுப்போடு ஆள் இருப்பான், திருப்பிவிடுவான். உயிர் ஊழின் முறைவழியே போகிறது என்று சொல்ல வந்தவர், நீரின் போக்கில் போவதைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

அப்புறம், ட்வைனின் ‘மிசிசிப்பியில் வாழ்க்கை’ (1883). நீராவிக் கப்பலுக்கு வழிகாட்டியாக இருந்தவர் எழுதியது. அவர் புனைபெயரே, ஆழம் பார்க்கிறவன் போடும் ‘ரெண்டு பாகம்’ என்ற குரல்தான். பாகம் என்றால் ஆறடி, அதாவது 12 அடி ஆழம். காவிரிக்கு, சிட்டியும் தி.ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’.

உங்கள் பக்கத்துப் பரிசல்காரர் முன்பக்கம் குனிந்து, தண்ணீரைத் தன்னை நோக்கித் துடுப்பால் இழுத்து இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வட்டப் பரிசலைப் பின்னாலிருந்து தள்ளினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். போடுகிறேன்.